கொண்டை ஊசி வளைவில் கிடந்த ஹெல்மெட்

இன்று காலை நானும் கணவரும் கொல்லிமலையிலிருந்து சைக்கிளில் இறங்கினோம். அவர் வேகமாக முன்னால் போய்விட்டார். நான் பிரேக்கைப் பிடித்துப் பிடித்து மெதுவாக வந்தேன்.

அடிவாரத்துக்குக் கொஞ்சம் மேலே, ஒரு கொண்டை ஊசி வளைவில் அவருடைய ஹெல்மெட் மட்டும் கிடந்தது. பக்கத்தில் தடுப்புச்சுவர் இடிந்திருந்தது. அதற்குக் கீழே பள்ளம்.

மண்டியிட்டு எட்டிப் பார்த்தேன். மரங்கள்தான் தெரிந்தன. தொண்டை கிழியக் கத்தியும் பதில் இல்லை. போனில் சிக்னலும் இல்லை. ஒரு வேரைப் பிடித்துக்கொண்டு உள்ளே இறங்க ஆரம்பித்துவிட்டேன்.

மேலே ஏறி வந்த லாரி நின்றது. டிரைவர் ஓடி வந்து என் கையைப் பிடித்து இழுத்தார்.

“ஏனுங்க, அங்க கால் வெச்சா போயிருவீங்க!”

“என் வீட்டுக்காரர் சைக்கிளோட விழுந்துட்டாருங்க!”

“பச்சை சட்டைக்காரருங்களா? அழுவாதீங்க சாமி. அந்தச் சுவரு முன்னாடியே இடிஞ்சதுங்க. அவரைக் கீழ அடிவாரத்துல, காரவள்ளி டீக்கடையில இப்பத்தான் பார்த்தேன். போண்டா தின்னுட்டு இருக்காருங்க.”

அப்படியே ரோட்டில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

டீக்கடைக்குப் போய்க் கேட்டால், வியர்க்கிறதென்று ஹெல்மெட்டைக் கழற்றி ஹேண்டில்பாரில் மாட்டினாராம். வளைவில் விழுந்துவிட்டதாம்.

“மறுபடி யாரு மேல ஏறுறது? எப்படியும் நீ எடுத்துட்டு வருவேன்னு தெரியும்” என்கிறார்.

இப்படி ஒருவர் உங்கள் வீட்டிலும் உண்டா, இல்லை எனக்கு மட்டும்தானா?