முறை வைத்து நடத்திய குடும்பம்

எங்களுடையது காதல் கல்யாணம். நான் நாகப்பட்டினத்து மீனவர் வீட்டுப் பெண். அவர் மன்னார்குடிப் பக்கம் நெல் விவசாயக் குடும்பம். இரண்டு வீட்டாரும் முகம் கொடுத்துப் பேசாத அந்த முதல் வருடங்களில், நமக்குள்ளாவது யாருக்கும் யாரும் குறைந்தவர் இல்லை என்று இருந்துவிடுவோம் என்று பேசி வைத்துக்கொண்டோம். அவருக்குத் தெரிந்த நியாயம் வாய்க்கால் நியாயம். தண்ணீர் குறைவாக வரும் காலத்தில் ஊரில் முறை வைப்பார்கள். இன்று ஒருவர் வயலுக்கு, நாளை இன்னொருவர் வயலுக்கு. அதை அப்படியே வீட்டுக்குள் கொண்டுவந்தார். எனக்கும் பிடித்துத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

ஒரு தீபாவளி அவர் வீடு, அடுத்தது எங்கள் வீடு. ஞாயிற்றுக்கிழமைச் சமையல் ஒரு வாரம் நான், ஒரு வாரம் அவர். அவர் முறை என்றால் ரசமும் அப்பளமும்தான். வாய் திறந்தால், முறையைப் பற்றித்தானே பேச்சு, ருசியைப் பற்றியா பேசினோம் என்பார். கடைசியில் சண்டைக்கும் முறை வந்தது. "போன தடவ நான்தான் முதல்ல வந்து பேசினேன். இந்தத் தடவ நீ பேசு" என்று சொல்லிவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். நானும் லேசுப்பட்டவள் இல்லை. அதற்கு முந்தின தடவை யார் பேசியது என்று ஆரம்பிப்பேன். இருவருக்கும் அலுத்துப் போகும். அலுத்தாலும் விட மாட்டோம்.

போன வருடம் அம்மாவுக்குக் கண்ணில் புரை எடுத்தார்கள். அப்பா போய்விட்டார், அண்ணன் வெளிநாட்டில். தனியாகக் கிடக்கும் அம்மாவை, கண் தேறிய பிறகும் என்னோடேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்று எனக்குத் தவிப்பு. அவரிடம் கேட்டேன்.

"தாராளமா வரட்டும். ஆனா எங்கம்மாவும் எங்கண்ணன் வீட்லதானே இருக்காங்க. உங்கம்மாவ மட்டும் இங்கயே வச்சுக்கிட்டா அவங்க என்ன நெனைப்பாங்க? ஒரு மாசம் உங்கம்மா, ஒரு மாசம் எங்கம்மா. முறை வச்சுக்குவோம்."

"உங்கம்மா அடுத்த தெருவுலதாங்க இருக்காங்க. தினம் காலையில பால் வாங்கப் போறப்ப உங்களப் பாத்துட்டுத்தான் போறாங்க. எங்கம்மா ரெண்டு பஸ் மாறி வரணும்."

"அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?" என்றார்.

அந்த வாரமே ஒரு நாள் சாயங்காலம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தி முடித்துவிட்டு வண்டியில் வரும்போது, வாய்க்கால் மதகடியில் விவசாயிகள் கூடி நின்றார்கள். நடுவில் அவர். எங்கள் வயல் கடைமடை, தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடம்.

"எல்லாருக்கும் அரை நாள், நியாயந்தான், இல்லேங்கல. ஆனா எங்க முறை வர்றப்ப காஞ்ச வாய்க்கால் நனையறதுக்கே பாதி நேரம் போயிடுதுங்க. வயலுக்கு என்ன மிஞ்சும்? கடைமடைக்காரனுக்குக் கூடுதலா விட்டாத்தாங்க அது சமம்."

முணுமுணுத்துக்கொண்டே எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். நான் சொல்லத் தெரியாமல் திணறிய விஷயத்தை அவர் வாயாலேயே கேட்டதில் எனக்கு உடம்பெல்லாம் நம்பிக்கை. வீட்டுக்கு வந்ததும் சொன்னேன்: "மதகுகிட்ட பேசினீங்களே, அதத்தாங்க நானும் கேக்கறேன். எங்கம்மா கடைமடை."

சாப்பாட்டைப் பிசைந்துகொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"அது வயலு. இது மனுஷங்க. ஒருத்தருக்குக் கூட வச்சா இன்னொருத்தர் மனசு நோகும்."

மனதாரத்தான் சொன்னார். அதில் வஞ்சனை இருந்திருந்தால் ஒரு பாட்டம் சண்டை போட்டு ஓய்ந்திருப்பேன்.

முதல் மாதம் அம்மா வந்தாள். அவர் அத்தை, அத்தை என்று தாங்கினார். வேளை தவறாமல் கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டார். சங்கரா மீன் எங்கே நன்றாகக் கிடைக்கும் என்று அலைந்து வாங்கி வந்தார். கண் தெளிந்ததும் அம்மா என் தலையைத்தான் முதலில் பார்த்தாள். "என்ன பாப்பா, இவ்ளோ நரச்சிருக்கு?" என்று கேட்டுவிட்டு, தினமும் என்னை உட்கார வைத்து எண்ணெய் தேய்த்துவிட ஆரம்பித்தாள். எனக்கு அது போதும் போல இருந்தது.

மாதக் கடைசியில் ஒருநாள், "எங்கம்மா வர்றதுக்குள்ள அந்த ரூம ஒழிச்சு வைக்கணும்" என்றார் என்னிடம். அம்மா கூடத்தில்தான் இருந்தாள். மறுநாள் நான் வேலை முடிந்து வந்தபோது பையைக் கட்டி வைத்திருந்தாள். அவரே பஸ் ஸ்டாண்டு வரை கொண்டுபோய், ஜன்னலோரம் இடம் பிடித்து உட்கார வைத்துவிட்டு வந்தார்.

என் மாமியார் ஒரே ஒரு ராத்திரி எங்கள் வீட்டில் படுத்தார். "எனக்கு என் கட்டில்ல படுத்தாத்தான்டா தூக்கம் வரும்" என்று காலையில் அடுத்த தெருவுக்கே போய்விட்டார். அறை காலியாகக் கிடந்தது.

"அம்மாவத் திரும்ப வரச் சொல்லட்டுமா?" என்று கேட்டேன்.

"இது எங்கம்மா மாசம். அவங்க வரலேங்கிறதுக்காக அத எடுத்து இன்னொருத்தருக்குக் குடுத்தா நல்லா இருக்காது. முடியட்டும்" என்றார்.

அவரிடம் பேசிப் பயனில்லை என்று நானே அம்மாவுக்குப் போன் போட்டேன். அறை சும்மாதான் இருக்கிறது, கிளம்பி வா என்றேன். அம்மா அவசரமாக மறுத்தாள்.

"வேணாம் பாப்பா. மாப்பிள்ளைக்குச் சங்கடமாயிடும். என் முறை எப்ப வருதுன்னு மட்டும் சொல்லு, அப்ப வர்றேன்."