நான்காவது துளை

கச்சேரி ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் பழைய வீடு ஒன்றை இரண்டாகத் தடுத்து வாடகைக்கு விட்டிருந்தார்கள். ஒரு பாதியில் சீதா தனியாக இருந்தாள். மறு பாதியில் குல்சும் பீவியும் அவளுடைய மருமகள் அஸ்மத்துன்னிசாவும் இருந்தார்கள். குல்சுமின் மகன் உமர் ஃபாரூக் கல்யாணமான நாற்பதாம் நாள் துபாய்க்குப் போனவன். வெள்ளிக்கிழமைதோறும் சாயங்காலம் சீதா வீட்டு ஃபோனுக்குத்தான் கூப்பிடுவான். அந்தச் சந்தில் ஃபோன் வைத்திருந்த வீடுகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

சீதாவுக்கு நாற்பத்து நான்கு வயது. அடையாறில் ஒரு பெண்கள் கல்லூரியின் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் உதவியாளர். கல்யாணம் தள்ளிப் போய்த் தள்ளிப் போய், ஒரு கட்டத்தில் யாரும் அந்தப் பேச்சை எடுப்பதையே விட்டுவிட்டார்கள். அவளுக்கும் அது ஒரு வகையில் நிம்மதியாகத்தான் இருந்தது. தன் கை வேலையில் மட்டும் அவளுக்கு அசாத்தியப் பெருமை. யார் வீட்டில் ஃப்யூஸ் போனாலும், மிக்ஸி மக்கர் பண்ணினாலும் சீதாவைத்தான் கூப்பிடுவார்கள். ஸ்க்ரூ டிரைவரை இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

ஆய்வுக்கூடத்தில் அவள் வைத்த சட்டம் ஒன்று உண்டு. கண்ணாடிச் சாமான் உடைந்தால் உடைத்தவள் தானாக வந்து சொல்ல வேண்டும். "உடைச்சேன்னு வந்து சொல்லு, ஒரு வார்த்தை திட்ட மாட்டேன். மறைச்சேன்னு தெரிஞ்சா விடவே மாட்டேன்" என்று ஒவ்வொரு வருஷமும் முதல் நாளே சொல்லிவிடுவாள். ஒருமுறை லென்ஸ் ஒன்றை உடைத்துக் குப்பையில் போட்ட பெண்ணை எல்லோர் முன்னாலும் அரை மணி நேரம் நிற்க வைத்தாள். அந்தப் பெண் அழுதபோதும் சீதா இளகவில்லை.

தொண்ணூற்றாறாம் வருஷம் ஜூன் மாதம் அவள் வீட்டு அலமாரியின் பலகைகளில் கறையான் ஏறியது. அது நிஜத்தில் அலமாரியே இல்லை. வீடு ஒன்றாக இருந்த காலத்தில் இரண்டு பாதிகளுக்கும் நடுவே இருந்த வாசல். வீட்டைப் பிரித்தபோது மறுபக்கத்தில் செங்கல் வைத்து அடைத்து, இந்தப் பக்கம் மிஞ்சிய பள்ளத்தில் பலகை அடித்துக் கதவு போட்டுவிட்டார்கள். பலகைகளும் ஏனோதானோ என்று அடித்தவை. ஒரு தட்டில் ரேடியோ நிற்காது, இன்னொரு தட்டில் ஊறுகாய் ஜாடி போக மீதி இடமெல்லாம் வீண்.

பெசன்ட் நகரில் கல்லூரி சிநேகிதி ஒருத்தியின் ஃப்ளாட்டில் சீதா ஒரு புது ஏற்பாட்டைப் பார்த்திருந்தாள். மேலிருந்து கீழ்வரை வரிசையாகத் துளை வெட்டிய இரண்டு இரும்புப் பட்டைகள், டிராக் என்றார்கள். அதைச் சுவரில் முடுக்கிவிட்டால் போதும். வேண்டிய துளையில் பிராக்கெட்டை மாட்டி அதன்மேல் பலகையை வைக்கலாம். நாளைக்கே மனசு மாறினால் கழற்றி இரண்டு துளை மேலேயோ கீழேயோ மாட்டிக்கொள்ளலாம். சீதாவுக்கு அதைப் பார்த்ததிலிருந்து தூக்கம் பிடிக்கவில்லை. தி.நகரில் அலைந்து வாங்கியும் வந்துவிட்டாள். கல்லூரி எலக்ட்ரீஷியன் தனபாலன் டிரில்லிங் மெஷினைக் கொடுத்தான். "பழைய செவுரு மேடம், பாத்துப் பண்ணுங்க" என்றான்.

பார்த்துத்தான் பண்ணினாள். சனிக்கிழமை காலையில் பழைய பலகைகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, பின்சுவரைத் துடைத்து, ஏணியில் ஏறித் தூக்குக் குண்டு விட்டுப் பென்சிலால் கோடு போட்டாள். விரலால் தட்டிப் பார்த்தபோது சுவர் தாம்பாளம் போலச் சத்தம் கொடுத்தது. செங்கல்லைப் படுக்க வைக்காமல் நிறுத்தி வைத்து மெல்லிசாகக் கட்டியிருக்கிறார்கள் என்பது அப்போதே அவளுக்குப் புரிந்தது. இப்படிப்பட்ட சுவரில் டிரில் எவ்வளவு ஆழம் போகலாம் என்று அளந்து, அதன் அலகில் சிவப்பு டேப் சுற்றிக்கொள்வது அவள் வழக்கம். அன்றைக்கு டேப் அடுத்த அறையில், தையல் மெஷின் டிராயரில் இருந்தது. கை நிதானம் போதும் என்று விட்டுவிட்டாள். மறுபக்கம் போய் "அக்கா, சுவர்ல சாஞ்சு ஏதாவது இருந்தா நகத்தி வைங்கோ" என்று ஒரு வார்த்தை சொல்லவும் தோன்றியது. பத்தடி நடக்க வேண்டும். அதையும் விட்டுவிட்டாள்.

மூன்று துளைகள் ஒழுங்காக விழுந்தன. நான்காவதில் செங்கல் சட்டென்று வழிவிட்டது. மெஷின் அவள் தோளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு முன்னால் பாய்ந்தது. மறுநொடி அந்தப் பக்கம் ஏதோ பெரிதாக விழுந்து நொறுங்கியது.

சீதா ஸ்விட்சை அணைத்தாள். வீடு திடீரென்று நிசப்தமானது. பிறகு குல்சும் ஓடி வரும் சத்தம்.

"யா அல்லா! எங்கம்மா குட்த்த சஹனு! பாவி, இப்பத்தான்டி தொடைச்சி வைன்னு உன் கையில குட்த்தேன்!"

சஹன் என்றால் நாலு பேர் சுற்றி உட்கார்ந்து சேர்ந்து சாப்பிடுகிற பெரிய பீங்கான் தட்டு. குல்சுமிடம் நீலப்பூ ஓரம் போட்ட மூன்று சஹன்கள் இருந்தன. ஸ்டாண்டில் சுவரோடு சாய்த்து வைத்திருப்பாள். அஸ்மத் பதில் சொன்னது காதில் விழவில்லை. குல்சும்தான் மறுபடி கத்தினாள்: "அந்தப் பக்கம் மெஷின் சத்தம் கேட்டா அப்படியா பதறுவ? கையா அது, இன்னாது?"

சீதாவின் வாய்வரைக்கும் வந்தது. 'இதோ போய்ச் சொல்லிவிடலாம்' என்று ஏணியிலிருந்து இறங்கவும் செய்தாள். இறங்கியவள், டிரில்லை மெதுவாக உருவி எடுத்து, துளையில் மரக்கட்டையைச் செருகி, சுத்தியலால் சத்தம் வராமல் தட்டி, டிராக்கை வைத்து ஸ்க்ரூவை முடுக்கினாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. கை அதுபாட்டுக்கு வேலையை முடித்துவிட்டது.

மத்தியானம் குல்சுமே வந்தாள். "இன்னா சீதா, கேட்டியா கதைய? எங்கம்மா குட்த்தது. முப்பது வருசம் ஒரு கீறல் உழல. இவ வந்து ஒண்ணரை வருசம் ஆவல" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"போனா போறதுக்கா. பீங்கான்தானே" என்றாள் சீதா. சொன்னதும் தன் குரலே அசிங்கமாக இருந்தது.

அன்று முதல் குல்சும் பீங்கான் சாமான்களை மருமகள் தொடக்கூடாது என்று வைத்துவிட்டாள். வந்தவர் போனவரிடமெல்லாம் அதே பேச்சு. "ஒடைக்கிற கை" என்று அஸ்மத்துக்கு ஒரு பட்டமும் விழுந்தது. சுவர் மெல்லிசு, ஒரு சொல் விடாமல் இந்தப் பக்கம் கேட்டது. புது அலமாரி பார்க்க அழகாகத்தான் இருந்தது. ரேடியோவுக்கு ஒரு தட்டு, ஜாடிகளுக்கு ஒரு தட்டு. சீதா அதன் கதவைத் திறக்காமலே நாளை ஓட்டினாள்.

நாலாம் நாள் அரை நாள் லீவு போட்டுவிட்டுப் பாரிமுனைக்குப் போனாள். கடை கடையாக ஏறி இறங்கி, நீலப்பூ ஓரத்துக்குக் கிட்டத்தட்டப் பொருந்துகிற ஒரு சஹனை வாங்கினாள். பஸ்ஸில் குழந்தையை வைத்திருப்பதுபோல் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். கொடுத்துவிட்டால் பாரம் இறங்கும் என்று நினைத்தாள்.

குல்சும் அதை இரண்டு கையாலும் வாங்கி, ஓரத்துப் பூவைத் தடவிப் பார்த்தாள். பிறகு உள்ளே திரும்பி, "பாருடி! நீ ஒடச்சதுக்கு யாரு வாங்கியாந்து குட்க்கிறாங்க பாரு! அசலூட்டு மனுசிக்குக் கீது அந்த மனசு!" என்றாள். அஸ்மத் கதவோரம் நின்று சீதாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் சீதா தாங்கியிருப்பாள்.

அதற்கடுத்த வாரம் வெள்ளிக்கிழமை ஃபோன் வந்தது. அஸ்மத் வந்து பேசினாள். சீதா அதே அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். குல்சும் எழுதின கடிதம் துபாய்க்குப் போய்ச் சேர்ந்திருந்தது போலிருக்கிறது. அவன் சொன்னதை அஸ்மத் கடைசிவரை கேட்டாள். பிறகு மெல்லிய குரலில், "ஆமா, நாந்தான். கை தவறிடுச்சு. இனிமே பாத்து நடந்துக்கிறேன்" என்றாள்.

அவள் ரிசீவரை வைத்ததும் சீதா கையிலிருந்த புடவையைக் கட்டிலில் போட்டாள்.

"அஸ்மத், நீ உடைக்கல."

"தெரியும்க்கா."

"என்ன தெரியும்?"

"மிசின் கம்பி செவுத்துல பொத்துக்கினு வந்துச்சு. சஹனு பின்னாடி. நான் பாத்துக்கினுதான் இருந்தேன். மாமி வர்றதுக்குள்ள பக்கத்து சஹனை நகத்தி மறைச்சிட்டேன். அப்பால அந்த ஓட்டைல சோப்பை அடைச்சேன்."

சீதா கட்டிலில் உட்கார்ந்தாள். "ஏன்டி சொல்லல?"

அஸ்மத் ஃபோனைப் பார்த்தாள். "சொன்னா மாமி உங்க கூட சண்டை போடுவாங்க. அப்புறம் இந்த வாசப்படி மிதிக்க உடுவாங்களா? வாரத்துல இந்த அஞ்சு நிமிசந்தான்க்கா எனக்கு." முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். "நீங்களே சொல்லுவீங்கன்னு நெனச்சேன். மொதல் ரெண்டு மூணு நாளு."

ஒரு அறை விட்டிருந்தால்கூட அப்படி உறைத்திருக்காது. இரண்டு மூன்று நாள் இவள் காத்திருந்திருக்கிறாள். அப்புறம், இந்த அம்மா அவ்வளவுதான் என்று விட்டுவிட்டாள். தட்டு உடைந்ததை மறைத்தது மட்டும்தான் தன் தப்பு என்று சீதா நினைத்திருந்தாள். தன் ஃபோனுக்காக ஒரு பெண் தினம் ஏச்சு வாங்கிக்கொண்டிருந்தாள் என்பது அவள் புத்திக்கு எட்டவே இல்லை.

"வா என்னோட" என்றாள்.

"வேணாம்க்கா."

"ஃபோனை யாரும் நிறுத்த முடியாது. அதுக்கு நான் பொறுப்பு. வா."

குல்சும் தரையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். சீதா உட்காரவில்லை. "அக்கா, சஹனை அஸ்மத் உடைக்கல. நான்தான். துளை போடறச்சே டிரில் இந்தப் பக்கம் வந்துடுத்து. அன்னிக்கே எனக்குத் தெரியும்."

குல்சும் கீரையைக் கீழே வைத்தாள். எழுந்து போய் ஸ்டாண்டிலிருந்த சஹன்களை ஒவ்வொன்றாக இறக்கினாள். சுவரில் அடைத்திருந்த சோப்பை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். திரும்பி மருமகளிடம், "நீ ஏன்டி வாய மூடிக்கினு கெடந்த?" என்றாள். அஸ்மத் தலையைக் குனிந்துகொண்டாள். குல்சும் அவளையும் சீதாவையும் மாறி மாறிப் பார்த்தாள். ஃபோனுக்காகத்தான் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

"நான் இவளப் பேசுனதெல்லாம் அந்தாண்ட உனக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுதுக்கா."

"கேட்டுக்கினே இருந்த."

சீதா சுவரிலிருந்த ஓட்டையைப் பார்த்தாள்.

"பீங்கான்னா ஒடையத்தான் ஒடையும். அதுக்கு ஒண்ணுஞ் சொல்ல மாட்டேன். ஒண்ணும் செய்யாத புள்ளைய என் வாயால இத்தினி நாளு சுட வெச்சியே. அந்தப் பாவத்த என் தலையில கட்டிட்டியே சீதா." குரல் உயரவே இல்லை. சீதா வாங்கித் தந்த சஹனை எடுத்து அவள் கையில் கொடுத்தாள். "இத எடுத்துக்கினு போ."

"ஃபோன்..."

"அது அவ புருசன் ஃபோனு. அவ வருவா. நான் வரல."

சீதா சஹனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். எங்கே வைப்பது என்று தெரியாமல் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். மறுநாள் சிமெண்ட் வாங்கி வந்து, கேட்காமலே போய் நின்று, மறுபக்கத்து ஓட்டையை அடைத்தாள். குல்சும் உள்ளறையில் இருந்துகொண்டே வெளியே வரவில்லை. அஸ்மத் ஒரு குவளையில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள், சிமெண்ட் குழைக்க. அவ்வளவுதான்.

அந்த வாரம் கல்லூரியில் ஒரு பெண் வந்து, பீக்கரை உடைத்துவிட்டேன் மேடம் என்றாள். சீதா "சரி, போ" என்றாள். அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை ஃபோன் அடித்தது. முன்பெல்லாம் சீதா சுவரைத் தட்டித்தான் கூப்பிடுவாள். அன்று சுற்றிக்கொண்டு போய் வாசலில் நின்றாள். குல்சும் கதவைத் திறந்து, "அஸ்மத்து, ஃபோனு" என்று உள்ளே குரல் கொடுத்தாள். அஸ்மத் ஓடினாள். அவள் நிம்மதியாகப் பேசட்டும் என்று சீதா வெளியிலேயே நின்றாள். குல்சும் உள்ளே போய்விடுவாள் என்று நினைத்தாள். அவள் போகவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு சந்தைப் பார்த்தபடி நின்றாள்.

ஐந்து நிமிஷம் இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள்.

"நாளைக்குத் தண்ணி லாரி வருதாமே" என்றாள் குல்சும், சீதாவைப் பார்க்காமல்.

"ஆறு மணிக்குன்னு சொன்னா."

"கொடத்தை முன்னாடியே போட்டு வெக்கணும்" என்று சொல்லிவிட்டுக் குல்சும் உள்ளே போனாள். கதவு திறந்தே இருந்தது. வா என்று அவள் சொல்லவில்லை. சீதாவும் போகவில்லை.