புகை ஆகாது

பள்ளிக்கூடப் பூசையில் சாம்பிராணி போட்டதும், டீச்சரான நான் ஓடிப்போய் ஜன்னல்களைத் திறந்தேன்.

சின்ன வயதில், தேவிகுளம் எஸ்டேட்டின் லயத்து வரிசை வீட்டில் அப்பாவுக்கு மூச்சிழுப்பு வந்தால், குளிர்தான் காரணம் என்று அம்மா கதவை அடைத்துச் சாம்பிராணி போடுவாள். இழுப்பு கூடும், அவளும் கூட்டிப் போடுவாள். ஒருநாள், மாத்திரையோடு எஸ்டேட் கம்பவுண்டர் தமிழில் எழுதிக்கொடுத்திருந்த சீட்டை, நாலாம் வகுப்பில் இருந்த நான் எழுத்துக்கூட்டி வாசித்தேன்: "புகை, தூசி ஆகாது."

"யம்மா, புகையாலதான் அப்பாவுக்குக் கூடுது!" தூபக்காலைத் தூக்கி வெளியே வைத்தேன்.

"ஏட்டி, நீ பெரிய டாக்டரோ?" அம்மா கை ஓங்கினாள்.

மாத்திரையை விழுங்கிவிட்டு வாசலில் உட்கார்ந்த அப்பாவுக்கு மெல்ல மூச்சு சீரானது. அம்மாவைப் பார்த்துச் சிரித்தார்.

"இனிமே சாமிக்கு மட்டும் போடு புள்ள. சாமிக்கு இழுப்பு கிடையாது."

எங்கள் வீட்டில் முதன்முதலாக வாசிக்கப்பட்ட காகிதம் அது. வாசித்தவள் நான்.