எல்லாத்துக்கும் அஞ்சு

மிளகு விலையும் மழை நிலவரமும் சொல்லும் கைபேசிச் செயலி ஒன்றைச் சேலத்தில் நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து செய்திருந்தோம். அது புழங்கச் சுலபமாக இருக்கிறதா என்று கேட்டு வர என்னைக் கொல்லிமலைக்கு அனுப்பினார்கள். கையில் ஒரு வினாத்தாள், அதில் பத்து வாக்கியங்கள். ஒத்துக்கொள்ளவே மாட்டேன் என்றால் ஒன்று, முழுக்க ஒத்துக்கொள்கிறேன் என்றால் ஐந்து.

ஒரு வாக்கியம் செயலியைப் புகழும். அடுத்தது குறை சொல்லும். காதில் வாங்காமல் பதில் சொல்கிறவர்களைப் பிடிக்க அந்த ஏற்பாடு. தமிழாக்கம் என்னுடையது. 'இச்செயலி தேவையற்ற சிக்கல்தன்மை கொண்டிருப்பதாக உணர்கிறேன்' என்று எழுதி முடித்த அன்று எனக்கு நானே ஒரு காபி வாங்கிக் கொடுத்துக்கொண்டேன்.

முதல் நாள், மலையில் எடப்புளி நாடு என்கிற ஊர்ப் பகுதியில் ஆறு வீடு ஏறி இறங்கினேன். "இத்தன தூரம் வந்திருக்கீங்க, கொறைச்சா போடுவோம்? எல்லாத்துக்கும் அஞ்சே போட்டுக்குங்க" என்றார்கள். புகழ்ச்சிக்கும் ஐந்து, குறைக்கும் ஐந்து. எங்கள் முறைப்படி கூட்டிக் கழித்தால் இதற்கு நூற்றுக்கு ஐம்பது வரும். ஆறு வீட்டிலும் ஐம்பது. பஸ் ஏறாமலே இதை எழுதியிருக்கலாம்.

மறுநாள் காலை போன வீட்டில் வீட்டுக்கார அம்மா வாசலில் மிளகு காயவைத்துக்கொண்டிருந்தார். ஐயா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, கைபேசியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தார். தேவையற்ற சிக்கல்தன்மையை நான் கணீரென்று வாசித்தேன்.

"சிக்கல்னா? தலமுடியிலீங்களா?" என்றார் அம்மா.

"நீ சும்மா இரு. அஞ்சு போட்டுக்கோ அம்மிணி" என்றார் ஐயா.

எனக்குப் பொறுமை போய்விட்டது. "ஐயா, இன்னைக்கு மிளகு என்ன விலைன்னு ஒரு தடவ பாத்துச் சொல்லுங்களேன்" என்றேன்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையை அமுக்கினார். மழை வந்தது. மறுபடி அமுக்கினார், முந்தாநாள் மழை வந்தது. பிறகு எங்கள் நிறுவனத்தின் வரலாறு வந்தது. அதை இதுவரை திறந்து பார்த்த ஒரே மனிதர் அவராகத்தான் இருப்பார்.

"ஏனுங்க, மேல மூணு கோடு இருக்குது பாருங்க, அதுக்குள்ள" என்றார் அம்மா, மிளகைத் துழாவியபடியே.

"உனக்கெப்பிடித் தெரியும்?"

"நீங்க தேடறத தெனம் பின்னால நின்னு பாக்கறேனுங்களே."

கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து, கைபேசியை வாங்கி, இரண்டே அமுக்கில் விலையைக் காட்டினார். ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

"தேடிக் கண்டுபிடிச்சாத்தானுங்க தெரியுது. அது கஷ்டந்தான். ரெண்டு போடு கண்ணு" என்றார் அம்மா.

ஐயா பதறிவிட்டார். "ரெண்டா? பாவம், அந்தப் புள்ளைக்கு வேல போயிரும்!"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இது எனக்கு நடக்கும் பரீட்சை, தாங்கள் போடுவது எனக்கான மார்க்கு என்று ஊரே நினைத்திருக்கிறது. முந்தின நாள் ஆறு வீட்டிலும் என்னைப் பாஸ் பண்ணிவிட்டுத்தான் அனுப்பியிருக்கிறார்கள்.

"வேலையெல்லாம் போகாதுங்கய்யா. குறை சொன்னாத்தான் சரி பண்ண முடியும்" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "அந்த மூணு கோட்ட வெச்சதே நாந்தான்" என்றும் சொல்லிவிட்டேன்.

அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீதானா சாமி? அப்ப ஒண்ணு போட்டுக்கோ."

சிரித்து முடிக்க எங்கள் மூவருக்கும் வெகுநேரம் ஆனது. பிறகு பத்து வாக்கியத்தையும் அந்த வாசலிலேயே மாற்றி எழுதினேன். சிக்கல்தன்மை போய், 'இதுல வேணுங்கறத தேடறதுக்குள்ள சலிச்சுப்போகுது' என்று ஆனது. அது அம்மா சொன்ன வாக்கியம். என்னுடையதைவிட நன்றாக இருந்ததில் கொஞ்சம் வருத்தம்தான்.

புதுத் தாளோடு, இது என் பரீட்சை இல்லை, வாக்கியம் சரியென்று பட்டால் மட்டும் ஐந்து என்று முதலிலேயே சொல்லிவிட்டு, அந்த ஆறு வீட்டுக்கும் திரும்பப் போனேன். இந்த முறை யாரும் இரக்கம் காட்டவில்லை. ஒருவர் எழுத்தின் அளவைத் திட்டினார். ஒருவர் பச்சை நிறத்தைத் திட்டினார். அதுவும் நான் தேர்ந்தெடுத்ததுதான். இவரிடம் அதைச் சொல்லவில்லை.

சேலத்தில் எங்கள் மேலாளர் மதிப்பெண்களை மேலிருந்து கீழே வரை பார்த்தார். "எல்லாம் ஐம்பதுக்குக் கீழே இருக்கே?"

"ஆமாங்க. இப்பத்தான் நெசத்தச் சொல்றாங்க" என்றேன்.

விலையை முதல் பக்கத்துக்குக் கொண்டுவரச் சொன்னார். அரை நாள் வேலை.