பதினோரு வீட்டுக் கிழங்கு

எங்கள் குடும்பத்தில் இங்கிலீஷ் படித்தவன் நான் ஒருவன்தான். அதனால் அக்கா புருஷனைக் கப்பலேற்றப் போகிறார்கள் என்ற செய்தி வந்ததும், போலீஸ் ஸ்டேஷனில் பேச என்னைத்தான் அனுப்பினார்கள்.

யுத்தம் முடிந்து வெள்ளைக்காரர்கள் திரும்பி வந்திருந்த சமயம். அரிசி ரேஷன். மலாக்கா டவுனில் தெருக் கூட்டுகிறவர்களும் சாக்கடை அள்ளுகிறவர்களுமாக அறுபது பேர் கூலி போதவில்லை என்று வேலையை நிறுத்தி, சர்க்காரை எதிர்த்து ஊர்வலம் போனார்கள். அத்தான்தான் முன்னால் நடந்தார். மூன்று வாரமாகியும் ஒருவரும் வேலைக்குத் திரும்பவில்லை. பட்டினி கிடக்க வேண்டியவர்கள் தினமும் சாப்பிடுகிறார்கள் என்றால் வெளிநாட்டிலிருந்து பணம் வருகிறது என்று, புதிதாக வந்த போலீஸ் துரை முடிவு கட்டி, அத்தானைப் பிடித்து ஸ்டேஷனில் அடைத்தார். அத்தான் மலாக்காவில் பிறந்தவரல்ல. பழி உறுதியானால் ஒரு கையெழுத்தில் நாகப்பட்டினத்துக்கு அனுப்பிவிடலாம். அக்காவுக்கு அப்போது ஏழு மாதம்.

சாப்பாடு வந்தது காஜா பெராங்கில் எங்கள் வீட்டுக்கு இரண்டு சந்து தள்ளியிருந்த கம்போங் செட்டி என்ற செட்டிகள் குடியிருப்பிலிருந்து. பதினோரு வீட்டுச் செட்டிப் பெண்கள் தோட்டத்து மரவள்ளிக்கிழங்கை அவித்து, தேங்காய்ப்பூவும் பெலாச்சான் என்ற இறால் விழுது போட்டு அரைத்த மிளகாய்ச் சம்பலும் வைத்து அனுப்பினார்கள். பல தலைமுறையாக மலாக்காவிலேயே இருந்து, நம் சாமியைக் கும்பிட்டு மலாய் பேசுகிறவர்கள். அவர்களில் ஒருவரைச் சித்தி முறை வைத்து 'பிபி' என்று கூப்பிடுவோம். நான் ஸ்டேஷனுக்குப் போவதைக் கேட்டதும், சாரோங்கை இறுக்கிக் கட்டிக்கொண்டு கூடவே வந்துவிட்டார்.

"யார் கொடுத்த பணத்தில் சாப்பாடு?" என்றார் துரை. அவருக்கு மலாய் தெரியாது. நான் கேட்டுச் சொன்னேன்.

"நான்தான் சமைச்சேன். செண்டிரி," என்றார் பிபி. தனியாக என்று அர்த்தம்.

எனக்கு வியர்த்தது. பச்சைப் பொய். ஆனாலும் சொன்னதைச் சொன்னபடியே இங்கிலீஷில் சொன்னேன். துரை சிரித்தார். "அறுபது பேருக்கு ஒரு பெண்ணா?"

"சிரிக்கிறானா இவன்? நாளைக்குக் காலையில வந்து பாக்கச் சொல்லு. சும்மா நிக்காம கிழங்கு உரிக்கக் கத்தியும் கொண்டாரச் சொல்லு."

கத்தியை மட்டும் நான் மொழிபெயர்க்கவில்லை.

மறுநாள் ஏழு மணிக்குத் துரை பிபியின் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மற்ற பத்து வீட்டிலும் அன்று புகையைக் காணோம். பெண்கள் வேலியோரம் நின்று, "பிபி, கைய வெட்டிக்காதீங்க, கறி போட்டுட்டீங்கன்னு கேஸ் எழுதிடுவான்!" என்று மலாயில் கேலி பேசினார்கள். பிபி நிமிரவேயில்லை. தோலை உரித்தார், கோயில் அண்டாவில் அவித்தார், தேங்காய் துருவினார், அம்மியில் மிளகாய் அரைத்தார். பதினொன்றரைக்கு அறுபது வாழையிலைப் பொட்டலம் பாயில் வரிசையாக இருந்தது. துரை எண்ணிப் பார்த்தார். ஒன்றைப் பிரித்துத் தின்று, காரத்தில் கண் கலங்கித் தண்ணீர் கேட்டார்.

"இதற்கு வெளிநாட்டுப் பணம் தேவையில்லை," என்றார். சாயங்காலம் அத்தானை விட்டுவிட்டார்கள்.

அத்தானும் நானும் நேரே பிபி வீட்டுக்குப் போனோம். இரண்டு கையும் வீங்கி, டம்ளர் பிடிக்க முடியாமல் உட்கார்ந்திருந்தார். பக்கத்து வீட்டுப் பெண் காப்பி புகட்டிக்கொண்டிருந்தாள்.

"பதினோரு பேர்னு உண்மையச் சொல்லியிருக்கலாமே, பிபி?" என்றேன், படித்தவன் அல்லவா.

"ஒரு பொம்பள சமைச்சா அது சமையல், தம்பி. பதினோரு பேர் சேந்து சமைச்சா, அதுக்குச் சங்கம்னு ஒரு பேரு வச்சு, தலைவி யாருன்னு கேப்பான்."

அத்தான் அவர் காலில் விழுந்தார்.

"ஐயோ, எந்திரி, எந்திரி," என்று பிபி கத்தினார். "இன்னைக்கு உன்னைத் தூக்கிவிட எனக்குக் கை இல்ல!"