கடைமடையிலிருந்து தூர்வாரிய கோடை

ஸ்ரீவைகுண்டத்துக்குக் கீழே ஒரு கிளைக் கால்வாய்க்கு நான் பொறியாளராகப் பொறுப்பேற்ற முதல் கோடை அது. கார் நடவுக்குத் தண்ணீர் திறப்பதற்குள் தூர்வாரி முடிக்க வேண்டும். கால்வாயை அடைத்ததும் முழு நீளமும் நடந்து குறைகளை எழுதினேன். பட்டியல் போடாமல் எனக்கு எந்த வேலையும் ஓடாது. அதில் ஏழாவது வரி: ‘தலைமடை அருகே இடது கரையில் பெரிய பொந்து. கரை உடையலாம். மண் நிரப்பி இறுக்கவும்.’ பொந்தின் வாயில் மீன்செதில் கிடந்தது. யாரோ அங்கே மீன் ஆய்ந்திருக்கிறார்கள் என்று நினைத்துக் கையெழுத்தும் போட்டுவிட்டேன்.

வேலை தொடங்கிய அன்று ஜேசிபி ஓட்டுநர் பொந்தருகே வண்டியை அணைத்துவிட்டு இறங்கினார். என் வயதுதான் இருக்கும்.

“மேடம், இங்கன பைய வாங்க. உள்ள குடியிருக்காவ.”

“யாரு?”

“நீர்நாய். குட்டி கத்துதது கேக்கலையா? நீங்க ஆளோட சேத்து மண்ணப் போடச் சொல்லுதீய.”

குனிந்து கேட்டேன். உள்ளிருந்து சன்னமான சீழ்க்கை வந்தது.

நீர்நாய் அருகிவரும் விலங்கு என்று எனக்குத் தெரியும். ஆனால் அதை அழிப்பவர்கள் தோலுக்காகக் கொல்பவர்கள் என்றே நினைத்திருந்தேன். இவர் அவசரக்காரராக இருந்திருந்தால் நான் எழுதியபடியே வேலை சுத்தமாக முடிந்திருக்கும். எனக்கு எதுவுமே தெரிந்திருக்காது.

வனத்துறையில் விசாரித்தேன். தாயே குட்டிகளை வேறிடத்துக்குக் கொண்டுபோகும், தொந்தரவு செய்யாதீர்கள், எத்தனை நாள் ஆகும் என்று சொல்ல முடியாது என்றார்கள்.

தூர்வாருவது எப்போதும் தலைமடையிலிருந்துதான். நான் வண்டியைக் கால்வாய் முடியும் கடைமடைக்கு அனுப்பினேன். அங்கிருந்து வாரிக்கொண்டு மேலே வருவதற்குள் தாய் இடம் மாற்றிவிடும் என்று கணக்கு.

மறுநாளே தலைமடை விவசாயி ஒருவர் வந்தார். “ஏம்மா, காலுலருந்து தலைக்கு எண்ணெ தேய்க்குத வழக்கம் எந்த ஊருல இருக்கு? தண்ணி வந்துட்டா எங்க பக்கம் அப்படியேல்லா கெடக்கும்!”

அவர் கேட்டது நியாயம். முடித்துத் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். கொடுத்தபோது எனக்கே நம்பிக்கை இல்லை.

கடைமடையில் வாழை போட்டிருந்தவருக்கோ கொண்டாட்டம். “எங்கப்பா காலத்துலருந்து எங்களுக்குக் கடேசிலதான் வண்டி வரும். அந்த நீர்நாய்க்கு ஒரு தாரு வெட்டிக் குடுத்து விடட்டா?”

“அதெல்லாம் அயிர மீன்தான் கேக்கும், அண்ணாச்சி” என்றார் ஓட்டுநர்.

தினமும் மாலையில் பொந்தின் வாயில் ஈர்க்குச்சிகளை வரிசையாக நட்டு வைத்தேன். காலையில் அவை சாய்ந்து கிடந்தால் தாய் வந்துபோயிருக்கிறது என்று பொருள். பன்னிரண்டு நாள் சாய்ந்தே கிடந்தன. வண்டி மேல்நோக்கி நெருங்கிக்கொண்டிருந்தது. தண்ணீர் திறக்க ஒரு வாரம்கூட இல்லை.

பதின்மூன்றாம் நாள் குச்சிகள் நட்டபடியே நின்றன. அடுத்த நாளும் அப்படியே. உள்ளே சத்தமும் இல்லை. போய்விட்டனவா, இல்லை தாய்க்கு ஏதாவது ஆகி, குட்டிகள் உள்ளேயே கிடக்கின்றனவா? கரையைத் தாண்டி, அதை ஒட்டி ஓடும் ஆற்றில் இறங்கித் தேடினேன்.

ஈர மணலில் அகலமான கால்தடம் ஒன்று நாணலை நோக்கிப் போயிருந்தது. அதை ஒட்டி, குறுக்கும் நெடுக்குமாகச் சின்னச் சின்னத் தடங்கள். நாணலுக்குள்ளிருந்து அந்தச் சீழ்க்கை கேட்டது. ஒன்றல்ல, மூன்று தனித்தனிக் குரல்கள். சேலை நனைவதைக்கூடப் பார்க்காமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஓட்டுநருக்கு போன் செய்து, பொந்தை மூடலாம் என்றேன்.

“எல்லாம் போயிட்டாவளா மேடம்? நல்லாப் பாத்தீயளா?”

“பாத்தேன். மூணு குட்டி.”

அந்தப் பக்கம் அவர் யாரிடமோ, “லே, மூணாம்லே!” என்று கத்துவது கேட்டது. பிறகு வண்டி உறுமியது.