பருத்திக்கு ஒரு செம்புத் தண்ணீர்

இந்த நாட்டில் மரங்கள் மழையை எதிர்பார்ப்பதில்லை. ரோட்டோரம் நிற்கிற ஒவ்வொரு மரத்தின் காலடியிலும் ஒரு கறுப்புக் குழாய் கிடக்கிறது. விடியும்போது அதிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழத் தொடங்கும். அடிக்கிற அனல் காற்றிலும் ஒரு வேப்பமரம் தளதளவென்று நிற்கிறது. வேலைக்குப் போகும் வண்டியிலிருந்து தினமும் அதைப் பார்க்கிறேன். இத்தனை வருஷமாகியும் கண்ணுக்குப் பழகவில்லை. எங்கள் எம்.ரெட்டியபட்டியில் வேம்புக்கு எவன் தண்ணீர் ஊற்றினான்?

எங்களுடையது வானம் பார்த்த கரிசல். ஐப்பசியில் மழை விழுந்தால் ஊரே காட்டில் கிடக்கும். விழாவிட்டால் மந்தையில் உட்கார்ந்து ஆடுபுலி ஆட்டம். நானும் அப்படியே வளர்ந்துவிட்டேன். எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டேன். பிறகு லாரி கிளீனர், திருப்பூரில் பனியன் கம்பெனி, பம்பாயில் இட்லிக் கடை. எங்கு போனாலும் முதல் மாதம் என்னைப்போல் வேலைக்காரன் கிடையாது. அப்புறம் ஒருநாள் காலையில் ஆள் இருக்கமாட்டேன். எண்பதுகளின் கடைசியில் வளைகுடாவுக்குக் கிளம்பினபோது, என் மனைவி முத்துலட்சுமி எங்கள் காட்டுப் பருத்தியை அடைத்துத் தைத்த தலையணை ஒன்றைக் கையில் கொடுத்தாள்.

"இதையாச்சும் பாதியில போட்டுட்டு வந்துராதீக."

அவள் தலையணையைச் சொல்லவில்லை. இன்னொரு முறை பாதியில் திரும்பினால், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பாலவனத்தத்தில் இருக்கும் தாய் வீட்டுக்குப் போய்விடுவதாக முன்பே சொல்லியிருந்தாள். சொன்னால் செய்கிறவள்.

இங்கே கட்டடத்துக்குக் கம்பி கட்டும் வேலை. அறையில் எனக்குத் துணை வீரசோழன் ஊர்க்காரன் ஜமால். தலையணையில் படுத்தால் காதில் பருத்திக்கொட்டை குத்தியது. பிதுக்கி எடுத்து, பெயின்ட் டின்னில் மண் நிரப்பி, குழாயடிக்குப் பக்கத்தில் ஊன்றினேன். முதல் நாளே ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டிவிட்டு மறந்தும் போனேன். முளைத்த இரண்டு கன்றும் காய்ந்தன. ஜமால் சிரித்தான்.

"ஏலே, நீ என்ன மழையா? வந்தா ஊரையே முக்குறே, வராட்டி எட்டிப் பாக்க மாட்டேங்குறே!"

"பருத்திக்கு எவன்டா தெனமும் தண்ணி ஊத்துவான்? பாக்குறவன் சிரிக்க மாட்டானா?"

"இங்க பாக்குறதுக்கு உங்க மாமனாரா வாராரு? விடியல்ல நான் தொழுகைக்கு ஒளு எடுக்கயில நீயும் வந்து நில்லு. கை கால் கழுவுற தண்ணியப் பிடிச்சு ஊத்து. போதும்."

தலையணையிலிருந்து இன்னொரு கொட்டையைப் பிதுக்கி ஊன்றினேன். அப்படித்தான் ஆரம்பித்தது. சபதம் ஒன்றும் எடுக்கவில்லை. சபதம் எடுத்திருந்தால் அதையும் பாதியில் விட்டிருப்பேன். குழாயடியில் ஜமால் இருமுகிற சத்தம் கேட்டால் எழுந்து போவேன். ஒரு செம்புத் தண்ணீர், அவ்வளவுதான். தொடக்கத்தில் அவனுக்காகப் போனேன். பிறகு அவன் இருமாத நாளிலும் கால் தானாகப் போனது.

வெயில் காலம் வந்தது. கம்பியைத் தொட்டால் கை வெந்தது. வழக்கம்போல ஒருநாள் பெட்டியைக் கட்டிவிட்டேன். விடிந்ததும் மேஸ்திரியிடம் சொல்லிவிடுவதென்று முடிவு. சரி, ஊற்றிவிட்டுப் போவோம் என்று செம்போடு போனால், செடியில் பிஞ்சு மொட்டு. பூக்கட்டும், பார்த்துவிட்டுப் போகலாம் என்று வேலை வண்டியில் ஏறிவிட்டேன். மறுநாளும் அதே கதை. கட்டின பெட்டியிலிருந்து அன்றாடம் ஒரு சட்டையாக எடுத்து உடுத்தியதில், கடைசியில் பெட்டியே காலியாகிவிட்டது.

காய் வெடித்து வெள்ளையாகச் சிரித்தபோது, எங்கள் அரபி முதலாளி அதைத் தொட்டுப் பார்த்து ஏதோ கேட்டார். எனக்குப் பாஷை தெரியாது. தலையணை என்று காட்ட, இரண்டு கையையும் கன்னத்துக்குக் கொடுத்துத் தலையைச் சாய்த்தேன். அவர் பதறி என் நெற்றியைத் தொட்டார். மோர்ப் பொட்டலம் ஒன்றைக் கையில் திணித்து, படுத்துக்கொள் என்று அறைக்கு அனுப்பிவிட்டார். சாயங்காலம் ஜமால் வந்து கத்தினான்: "எனக்கும் ஒரு செடி வையிலே!"

ஒப்பந்தத்தை முடித்துத்தான் ஊருக்குப் போனேன். முத்துலட்சுமி எங்கள் வீட்டு வாசலில்தான் நின்றாள். தலையணையோடு நான் கொண்டுபோன பஞ்சு ஒரு கைப்பிடிக்குக் கொஞ்சம் கூடுதல்.

"இம்புட்டுக்காண்டியா தெனமும் தண்ணி ஊத்துனீக?" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு அரைகுறையாகக் கொட்டை எடுத்து, தலையணையின் தையலைப் பிரித்து உள்ளே வைத்துத் தைத்தாள்.

மறுநாள் விடியலில் கை தானாகச் செம்பை எடுத்தது. வாசலில் வந்து நின்ற பிறகுதான், ஊற்ற எதுவுமில்லை என்று புரிந்தது. தெருவில் வந்தவர்கள் நான் காட்டுப்பக்கம் ஒதுங்கப் போகிறேன் என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

இப்போது மறுபடியும் இங்கே. டின் மூன்றாகிவிட்டது. செம்பைச் சரிக்கும்போது, மேகமே இல்லாத வானத்தைக் கண் ஒருதரம் அண்ணாந்து பார்த்துவிடுகிறது. படுத்தால் தலையணையில் ஒரு கொட்டை காதில் குத்துகிறது. எங்கள் காட்டுக் கொட்டையா, இந்த டின்னில் விளைந்ததா, தெரியவில்லை. எடுத்துப் போட மனமில்லை.